அலாய் வீலில் பிளாட்பார உரசல்: தோல் காயமா, எலும்புக் காயமா?



ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். காருக்கு அதையே வண்டி பாதி, வீல் பாதி என்று மாற்றிச் சொல்லலாம். இப்போதெல்லாம் டாப் மாடல் வாங்கினால் கம்பெனியே அலாய் வீல் மாட்டித்தான் கொடுக்கிறது. அந்தப் பளபளப்பான வீல் முதல் மாதமே பிளாட்பாரக் கல்லில் உரசிவிடும். ஓனருக்கு மனசு கேட்காது. பட்டறைக்கு வந்து, "தம்பி, இதை ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்பார். டிப்ளமோ படித்த நாம் அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

நான் ஆட்டோமொபைல் பிரிவு மூன்றாம் ஆண்டு மாணவன். விடுமுறையில் ஒரு மாதம், வீல் அலைன்மென்டும் பெயின்டிங்கும் செய்யும் ஒரு பட்டறையில் பயிற்சி எடுத்தேன். வகுப்பில் படித்ததையும் அங்கே கையால் செய்ததையும் சேர்த்து எழுதுகிறேன். மற்ற பிரிவு நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கல்லைப் போட்டது சிவில், வீலை வார்த்தது மெக்கானிக்கல், கொண்டுபோய் இடித்தது மட்டும்தான் நாங்கள்!

1. வீல் எதனால் ஆனது?

1924-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் நடந்த கிராண்ட் பிரிக்ஸ் பந்தயத்தில், புகாட்டி கம்பெனி தன் டைப் 35 காரை வார்ப்பு அலுமினிய வீல்களுடன் இறக்கியது. பந்தயக் காருக்கு வந்தது மெல்ல மெல்ல வீட்டுக் காருக்கும் வந்துவிட்டது. நம்ம ஊர் பழைய மெக்கானிக்குகள் அலாய் வீலை 'மேக் வீல்' என்றும் சொல்லுவாங்க. மெக்னீசியத்தில் வார்த்த பந்தய வீல்களின் பெயர் அது. இன்று ரோட்டில் ஓடும் கார்களின் அலாய் வீல்கள் பெரும்பாலும் அலுமினியக் கலவையே.

இந்த வார்ப்பு வீல்களுக்கு அதிகம் பயன்படுவது ஏ356 என்ற கலவை. இதில் சிலிகான் சுமார் 7 சதவீதம், மெக்னீசியம் 0.25 முதல் 0.45 சதவீதம், மீதி ஏறக்குறைய அலுமினியமே. சிலிகான் இருப்பதால் உருகிய உலோகம் தண்ணீர் மாதிரி ஓடி அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிரம்புகிறது. மெக்னீசியத்தின் வேலை ஹீட் ட்ரீட்மென்டில்தான் தெரியும்.

வார்த்த வீலை சுமார் 540 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைக்கிறார்கள். உடனே தண்ணீரில் குளிரவைத்து, பிறகு சுமார் 155 டிகிரியில் மறுபடி சில மணி நேரம் வைக்கிறார்கள். இதற்கு டி6 என்று பெயர். மெக்னீசியமும் சிலிகானும் சேர்ந்து மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து உலோகத்துக்குள் நிற்பதால் வலிமை கூடுகிறது. அலுமினியக் கலவைகளில் இந்த ஏஜ் ஹார்டனிங்கை 1906-ல் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மன் உலோகவியலாளர். நண்பர்களே, 155 என்ற இந்த எண்ணை மறக்க வேண்டாம். பின்னால் தேவைப்படும்.

இரும்பு ரிம்முக்கும் இதற்கும் உள்ள முக்கிய வித்தியாசம் என்ன? மைல்டு ஸ்டீலை இழுத்தால் 25 சதவீதத்துக்கு மேல் நீண்ட பிறகுதான் அறும். ஏ356 வார்ப்போ ஒற்றை இலக்க சதவீதம் நீள்வதற்குள் அறுந்துவிடும். அதனால்தான் இரும்பு ரிம் அடி வாங்கினால் நெளிகிறது, பஞ்சர் கடை அண்ணன் சுத்தியலால் தட்டிப் பெண்டு எடுத்துவிடுகிறார். அலாய் வீல் கொஞ்சம்தான் நெளியும். அதற்கு மேல் போனால் விரிசல் விட்டுவிடும்.

இன்னொன்று, ஃபெட்டிக். இரும்புக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே சுமை இருந்தால் எத்தனை கோடி முறை திரும்பினாலும் தாங்கும் என்று படித்திருக்கிறோம். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சுற்ற சுற்ற ஆயுள் குறையும். 185/65 ஆர் 15 டயர் போட்ட வீலின் மொத்த விட்டம் 381 + (2 × 120) = 621 மி.மீ. சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 512 சுற்று. சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கி.மீ. அப்படியானால் ஒரு பயணத்திலேயே வீல் சுமார் 1 லட்சத்து 69 ஆயிரம் முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு ஸ்போக்கும் ஒரு முறை சுமை ஏறி இறங்குகிறது. அந்த ஸ்போக்கில் ஒரு கூரான விரிசல் இருந்தால், லட்சக்கணக்கான முறை யாரோ அதைத் திறந்து திறந்து மூடுவது போலத்தான்.

2. கல் எப்படி ரிம்மைத் தொடுகிறது?

"டயர்தானே வெளியே இருக்கு, ரிம் எப்படி இடிக்கும்?" என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஹைவே எஞ்சினியரிங் பாடத்தில் ஓரக்கல் மூன்று வகை என்று சிவில் நண்பர்கள் படிக்கிறார்கள். வண்டி ஏறக்கூடியது 10 செ.மீ. உயரம், பாதித் தடுப்பு 15 செ.மீ., முழுத் தடுப்பு 20 செ.மீ.

இனி டயர். 185/65 ஆர் 15 டயரின் பக்கச்சுவர் உயரம் 185-ல் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ. ரிம்மின் உதடு இதில் சுமார் 17 மி.மீ. கீழே இறங்கி நிற்கிறது. மீதி 103. வண்டியின் எடையில் டயர் 20 மி.மீ. அமுங்குகிறது என்று வைத்துக்கொண்டால் தரைக்கும் ரிம் உதட்டுக்கும் இடைவெளி 83 மி.மீ. அதே கணக்கை 215/45 ஆர் 17 டயருக்குப் போட்டால் பக்கச்சுவர் 97, உதடு போக 80, அமுங்கியது போக சுமார் 60 மி.மீ.தான்.

முடிவு என்ன? மிகச் சின்னதான 10 செ.மீ. கல்லே ரிம் உதட்டை விட உயரம்! அப்படியானால் ரிம்மைக் காப்பாற்றுவது உயரம் அல்ல, டயரின் வயிறு ரிம்மை விட்டு வெளியே தள்ளி நிற்பதுதான். அந்த வயிறு அமுங்கினால் கல்லுக்கு நேரே ரிம்தான் நிற்கும். காற்று குறைவான டயர், அகலமான ரிம்மில் இழுத்து மாட்டிய டயர், 'லுக்'குக்காகப் போட்ட தாழ்ந்த டயர் இவற்றில் வீல் அதிகம் அடிபடுவதற்குக் காரணம் இதுவே. சில டயர்களில் ரிம்முக்குப் பக்கத்தில் ரப்பர் வரப்பு ஒன்று வைத்திருப்பார்கள். அது இந்த உரசலைத் தாங்குவதற்காக வைத்தது.

கல்லில் இருக்கும் கருங்கல் ஜல்லி அலுமினியத்தை விட மிகக் கடினமானது. ஆகவே உரசினால் தேய்வது எப்போதும் வீல்தான்.

3. கம்பெனி செய்யும் சோதனை

பிளாட்பாரக் கல்லில் இடிப்பதை மனதில் வைத்தே ஒரு சோதனை இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 7141 என்பது அதன் எண். டயர் மாட்டிய வீலைக் கிடைமட்டத்துக்கு 13 டிகிரி சாய்வில் பிடித்து, அதன் உதட்டின் மேல் ஓர் எடையை 230 மி.மீ. உயரத்திலிருந்து விழவிடுவார்கள். எடையைக் கணக்கிடும் சூத்திரம்: வீல் தாங்கும் அதிகபட்ச சுமையின் 0.6 பங்கு + 180 கிலோ.

ஒரு வீலின் சுமை 400 கிலோ என்றால் விழும் எடை 240 + 180 = 420 கிலோ. ஆற்றல் 420 × 9.81 × 0.23 = சுமார் 948 ஜூல். தொடும் நேரத்தில் வேகம் நொடிக்கு 2.1 மீட்டர், அதாவது மணிக்கு 7.6 கி.மீ. நாம் பார்க்கிங் போடும் வேகத்தில் பக்கவாட்டாக ஓர் இடி! அதற்கு மேல் வேகமாக இடித்தால் வீல் பத்திரமாக இருக்கும் என்று இந்தச் சோதனை யாருக்கும் உறுதி தரவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் தேர்ச்சி விதி. வீலின் நடுப்பகுதியில் ஊடுருவும் விரிசல் வரக்கூடாது, நடுப்பகுதி ரிம்மிலிருந்து பிரியக்கூடாது, ஒரு நிமிடத்துக்குள் காற்று முழுவதும் இறங்கிவிடக்கூடாது. ஆனால் அடிபட்ட இடத்தில் ரிம் நெளிந்தாலும் உடைந்தாலும் தோல்வி கிடையாது. ஏனென்றால் ஓட்டுபவரை அந்த நேரத்தில் காப்பாற்ற வேண்டும் என்பதே சோதனையின் நோக்கம். அடிவாங்கிய வீலைத் திரும்ப மாட்டி ஓட்டலாம் என்று அது சொல்லவில்லை. "கம்பெனி டெஸ்ட் பண்ணின வீல் சார், ஒண்ணும் ஆகாது" என்று சொல்பவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

4. இரண்டு வகைக் காயம்

பட்டறையில் தலைமை மெக்கானிக்கை எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிடுவோம். முதல் நாளே அவர் சொன்னார்: "தம்பி, குழந்தை விழுந்து முட்டியில சிராய்ச்சுக்கிட்டா மருந்து போடலாம். எலும்பு விட்டிருந்தா அது மேல பவுடர் பூசலாமா? வீலும் அப்படித்தான்."

தோல் காயம்: ரிம் உதட்டின் வெளி விளிம்பில் பெயின்ட் போய், உலோகம் லேசாகச் சிராய்த்து, சின்னச் சின்ன பிசிறு நிற்கும். எங்கள் பட்டறையில் வைத்திருந்த கணக்கு, ஆழம் ஒரு மி.மீ.க்குள். டயரின் பீட் உட்காரும் இடத்தைத் தொட்டிருக்கக் கூடாது.

எலும்புக் காயம்: எந்த இடத்திலானாலும் விரிசல், உதட்டில் துண்டு பெயர்ந்தது, ரிம் நெளிவு, ஸ்போக்கில் ஆழமான வெட்டு, நட்டு உட்காரும் துளையைச் சுற்றி அடி, பீட் உட்காரும் இடத்தில் பள்ளம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வீலுக்கு அழகு செய்யும் பேச்சே கிடையாது.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும் என்பதுதான் சிக்கல். வெளியே நகக்கீறல், உள்ளே முறிவு என்று இருக்கலாம். வீலின் உட்பக்க உதட்டுக்கு ஸ்போக்கின் தாங்கல் கிடையாது. ஆகவே கல் மேல் ஏறி இறங்கும்போது உட்பக்கம் விரிசல் விட்டு, வெளிப்பக்கம் ஒன்றுமே தெரியாமல் இருக்கும். கழற்றித் திருப்பிப் பார்க்காமல் யாரும் முடிவு சொல்லக்கூடாது.

5. சோதிக்கும் வரிசை

(1) முதலில் ஓனரிடம் கேள்வி: எந்த வேகத்தில் இடித்தது? உரசலா, ஏறி இறங்கியதா? அதன் பிறகு காற்று இறங்குகிறதா? ஸ்டீயரிங் ஆடுகிறதா? வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? டாக்டர் நாடி பார்ப்பதற்கு முன் கேட்பது போல.

(2) வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். டயல் கேஜ் இருந்தால் உதட்டில் வைத்துப் பக்கவாட்டு ஆட்டத்தையும் மேல்கீழ் ஆட்டத்தையும் அளந்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். கேஜ் இல்லாத இடத்தில் ஒரு சாக்பீஸை அசையாமல் பக்கத்தில் பிடித்தால் நெளிந்த இடம் தானே கோடு போட்டுக் காட்டும்.

(3) டயரைக் கழற்றுவதற்கு முன் ரிம் ஓரம் முழுவதும் சோப்புத் தண்ணீர். குமிழ் வந்தால் காற்றுக் கசிவு.

(4) டயரைக் கழற்றி, அதன் உள்பக்கத்தையும் பக்கச்சுவரையும் தடவிப் பாருங்கள். பக்கச்சுவரில் முட்டை மாதிரி வீக்கம் இருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. டயரும் அதோடு போயிற்று.

(5) வீலின் உள்ளும் புறமும் கழுவித் துடைத்து, சந்தேகமான இடத்தில் டை பெனெட்ரன்ட். மூன்று ஸ்ப்ரே டப்பாக்கள்: கிளீனர், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர். சாயம் அடித்து சுமார் பத்து நிமிடம் விட்டு, மேலே உள்ளதைத் துடைத்து, வெள்ளையை மெல்லியதாக அடித்தால் விரிசலுக்குள் இறங்கிய சாயம் வெளியே வந்து சிவப்புக் கோடாக நிற்கும். பழைய காலத்து ரயில்வே பட்டறைகளில் எண்ணெயையும் சுண்ணாம்பையும் வைத்து இதே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

ஒரு முக்கியக் குறிப்பு: இந்தச் சோதனையை எமரி போடுவதற்கு முன்பே செய்ய வேண்டும். அலுமினியம் மென்மையான உலோகம். தேய்த்தால் அது வழிந்து விரிசலின் வாயை மூடிவிடும். சாயம் உள்ளே போகாது. பெயின்டும் அப்படியே மூடிவிடும். எனவே சந்தேகமான இடத்தில் பெயின்ட் ரிமூவர் போட்டுக் கரைத்து எடுத்த பிறகே சாயம் அடிக்க வேண்டும்.

(6) வீலோடு சேர்ந்து அடிவாங்கும் மற்றவற்றையும் பாருங்கள்: டை ராடு, லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட். ஓனர் வீலின் கீறலைத்தான் காட்டுவார். டை ராடு வளைந்திருந்தால் டோ மாறி, புது டயரும் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

6. நான் பார்த்த ஒரு கேஸ்

பயிற்சியின் மூன்றாவது வாரம் ஒருவர் நான்கு வீலையும் கொண்டுவந்து வைத்தார். நான்கிலும் உரசல். "பெயின்ட் மட்டும் அடிச்சுக் குடுங்க, வண்டியை வித்துடப் போறேன்" என்றார். மாஸ்டர் வழக்கம்போல் முதலில் சோதனை என்றார். சாயம் அடித்தவன் நான். மூன்று வீல் சுத்தம். இடது பின் வீலின் உட்பக்க உதட்டிலிருந்து உள்நோக்கி ஒரு சிவப்புக் கோடு, என் சுண்டுவிரல் நீளத்துக்கு வந்தது. வெளியே பார்த்தால் நான்கில் அதுதான் குறைவாக உரசிய வீல்!

மாஸ்டர் அவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உள் பக்கம்தானே, யார் பார்க்கப் போறாங்க? பட்டி வெச்சு அடிச்சுடுங்க" என்றார். மாஸ்டர் கோபப்படவில்லை. "சார், வாங்குறவர் குடும்பத்தோட போவாரு. இந்த ஒரு வீலை நான் அடிக்க மாட்டேன். மூணு அடிச்சுத் தர்றேன்" என்றார். வேறு பட்டறையில் அடித்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னார். அதற்கும் மாஸ்டர், "அது உங்க இஷ்டம் சார்" என்று சொல்லிவிட்டு, ஜாப் கார்டில் 'இடது பின் வீல் கிராக், பெயின்ட் செய்யவில்லை' என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினார்.

அந்த நான்காவது வீல் பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று புரிந்தது. இந்தத் தொழிலில் நமக்குப் பணம் கொடுப்பவர் ஒருவர், நம் வேலையின் மேல் உயிரை வைத்து ஓட்டப் போகிறவர் வேறொருவர். இரண்டாமவர் நம் முன்னால் நிற்பதில்லை. அவர் சார்பில் பேச அந்த இடத்தில் நம்மைத் தவிர ஆளில்லை.

7. தோல் காயத்துக்கு வைத்தியம்

சோதனையில் தேறிய வீலுக்கு மட்டும் இந்த முறை:

அ) சோப்பும் தண்ணீரும் போட்டு பிரேக் தூள் போகக் கழுவி, உலர்த்தி, தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை எடுக்க வேண்டும். கடுமையான ஆசிட் கலந்த வீல் கிளீனர் வேண்டாம். சிலவற்றில் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் இருக்கும். அது உலோகத்தையும் அரிக்கும், கைத் தோல் வழியே உள்ளே போய் எலும்பு வரை கெடுக்கும்.

ஆ) பிசிறை அரைவட்ட அரத்தால் மெல்ல எடுக்கவும். இரும்பு தீட்டும் பெஞ்சு கிரைண்டரில் அலுமினியத்தை வைக்கவே கூடாது. கல்லின் கண்களில் அலுமினியம் அடைத்து, சூடேறி, கல் உடைந்து பறக்கலாம். அலுமினியத் தூசியும் தீப்பொறியும் சேர்ந்தாலும் ஆபத்து. முகமூடி, கண்ணாடி கட்டாயம்.

இ) எமரி 180-ல் தொடங்கி 240, 400 என்று போய் வாட்டர் பேப்பர் 600-ல் முடிக்கவும். காயத்தோடு நிற்காமல் சுற்றிலும் இரண்டு விரல் அகலம் சரிவாகத் தேய்த்தால்தான் விளிம்பு தெரியாது.

ஈ) மீதியுள்ள சின்னப் பள்ளத்துக்கு அலுமினியத் தூள் கலந்த எபாக்சி பட்டி, மெல்லியதாக. பட்டி அழகுக்கு மட்டுமே, பலத்துக்கு அல்ல. பெயர்ந்த துண்டைப் பட்டியால் கட்டி எழுப்புவது வேலை அல்ல, ஏமாற்று.

உ) தேய்த்த அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டவுடனே மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிவிடும். அதன் மேல் சாதாரண பெயின்ட் ஒட்டாது, உரியும். எனவே துடைத்த கையோடு எட்ச் பிரைமர், பிறகு சில்வர் பேஸ் கோட், கடைசியில் கிளியர் கோட். ஒவ்வொன்றும் மெல்லிய இரண்டு மூன்று பூச்சாக, நடுவில் உலரவிட்டு.

ஊ) ஹப் முகம் உட்காரும் இடத்திலும் நட்டு உட்காரும் கூம்பிலும் பெயின்ட் படக்கூடாது. மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அங்கே பெயின்ட் இருந்தால், ஓடும்போது அது நசுங்கி நட்டின் இறுக்கம் குறைந்துவிடும்.

எ) பேலன்சிங் செய்து, நட்டுகளை நட்சத்திர வரிசையில் டார்க் ரெஞ்சால் இறுக்கவும். அளவு மேனுவலில் இருக்கும். சின்னக் கார்களில் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டருக்கு அக்கம்பக்கம். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு முறை சரிபார்க்கச் சொல்லி அனுப்புங்கள்.

டைமண்ட் கட் வீல் என்றால் வேறு கதை. அதன் முகம் சி.என்.சி. லேத்தில் சீவி, மேலே கிளியர் கோட் மட்டும் போட்டது. ஸ்ப்ரே அடித்தால் அந்த மினுமினுப்பு வராது. மறுபடி லேத்தில்தான் சீவ வேண்டும். ஒவ்வொரு முறையும் உலோகம் குறைவதால் சில முறைக்கு மேல் முடியாது. கிளியர் கோட் உடைந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் உள்ளே வெள்ளைப் புழு ஊர்வது போல அரிப்பு பரவும். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இருப்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

8. செய்யவே கூடாதவை

விரிசல் விட்ட வீலை 'ஆர்கான் வெல்டிங் போட்டா ஜம்முனு ஆயிடும்' என்று ஊரில் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இங்கேதான் முன்னே சொன்ன 155 வருகிறது. சுமார் 155 டிகிரியில் சில மணி நேரம் வைத்துக் கொண்டுவந்த வலிமை, அதை விடப் பல மடங்கு சூடு பட்டால் நிற்குமா? வெல்டிங் இடத்தில் உலோகம் உருகுகிறது. அதை ஒட்டிய பகுதியில் நுண் துகள்கள் பெருத்துப்போய் உலோகம் மென்மையாகிவிடுகிறது. பார்வைக்குத் தையல் அழகாக இருக்கும். அடுத்த விரிசல் அந்தத் தையலுக்குப் பக்கத்திலேயே வரலாம்.

கேஸ் டார்ச்சால் காய்ச்சி பெண்டு எடுப்பதும் அதே கதைதான். இரும்பு காய்ந்தால் செவக்கும், கண்ணால் கணக்குப் போடலாம். அலுமினியம் செவக்காது. ஏ356 சுமார் 557 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். நிறம் மாறாமலேயே சட்டென்று தொய்ந்துவிடும். பவுடர் கோட்டிங் அடுப்பே சுமார் 180 முதல் 200 டிகிரி. அதனால் அங்கேயும் வெப்பமும் நேரமும் அளவு மீறக்கூடாது.

டயர் மாட்டியபடி ரிம்மில் நெருப்புக் காட்டுவது எல்லாவற்றிலும் கொடியது. உள்ளே காற்றும் ரப்பரும் சூடேறி டயர் வெடிகுண்டாகிவிடும். வால்வைக் கழற்றிவிட்டாலும் ஆபத்து தீராது. டயரை முழுதாகக் கழற்றாமல் ரிம்மில் வெப்ப வேலை கூடாது. இதனால் உயிர் போனவர்கள் உண்டு.

விரிசல் விட்ட வீலை என்னதான் செய்வது? மாற்றுவதுதான். பழையதை அப்படியே காயலான் கடையில் போட்டால் பட்டி வைத்துத் திரும்பி வரும். எங்கள் மாஸ்டர் ஓனரின் அனுமதியோடு ஹாக்ஸா பிளேடால் உதட்டை இரண்டு இடத்தில் அறுத்துத்தான் காயலானுக்குக் கொடுப்பார். அலுமினியம் உருக்கினால் மறுபடி உலோகம்தானே, ஒன்றும் வீணாகாது.

9. வருமுன் காக்க

நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுவதால் பிளாட்பாரம் இடது பக்கம் வருகிறது. இடது திருப்பத்தில் முன் வீல் தப்பித்துவிடும், பின் வீல் மாட்டும். ஏன்? வீல்பேஸ் 2.45 மீட்டர் உள்ள காரின் முன் வீல் 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், பின் வீலின் ஆரம் 25-லிருந்து 2.45-ன் வர்க்கமான 6 கழித்து, வர்க்கமூலம் எடுத்தால் 4.36 மீட்டர். அதாவது பின் வீல் 64 செ.மீ. உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது. முக்கால் அடி இடம் விட்டுத் திரும்பினால் போதும் என்று நினைப்பவர் கல்லில் ஏற்றுவது இதனால்தான்.

பார்க்கிங் போடும்போது இடது கண்ணாடியைக் கீழே சாய்த்துப் பின் வீலைப் பாருங்கள். கல் மேல் ஏறியே தீர வேண்டுமானால் நடை வேகத்தில், கூடியவரை நேராக ஏறுங்கள். சாய்வாக உரசிக்கொண்டே ஏறுவதுதான் ரிம்மைச் சீவும். வாரம் ஒரு முறை டயர் காற்றைப் பாருங்கள். டயர் மாற்றும்போது அழகுக்காகப் பக்கச்சுவரைக் குறைக்க வேண்டாம்.

10. வைவாவில் கேட்டால்...

அலாய் வீலை ஏன் வெல்டிங் செய்யக்கூடாது? — டி6 வலிமை வெப்பத்தால் போய்விடும்.

டை பெனெட்ரன்ட் எமரிக்கு முன்பா, பின்பா? — முன்பு.

ஐ.எஸ்.ஓ. 7141 சோதனையில் சாய்வு எவ்வளவு? — 13 டிகிரி.

நட்டு உட்காரும் இடத்தில் பெயின்ட் ஏன் கூடாது? — நசுங்கி, இறுக்கம் குறையும்.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் பெரிய கம்பெனியில் இன்ஸ்பெக்டர் ஆவோம், சிலர் சொந்தமாக ஷெட் போடுவோம், சிலர் கார் வாங்கும் ஓனராகவே நிற்போம். எந்தப் பக்கம் நின்றாலும், உரசிய வீலைப் பார்த்ததும் "என்ன கலர்?" என்று கேட்பதற்கு முன் "விரிசல் இருக்கா?" என்று கேளுங்கள். நாம் மூன்று வருடம் படித்த மெட்டலர்ஜியும் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸும் அந்த ஒரு கேள்விக்கு உதவினாலே படிப்பு வீண் போகவில்லை என்று அர்த்தம்.